சாப்பாட்டு லிஃப்ட்

டிசம்பர் 9

பல் ஆஸ்பத்திரி மகாராணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போன் பண்ணக் கூடாது, குரலைக் கேட்டால் திட்டித் தீர்த்துவிடுவேன், ஏதாவது சொல்வதென்றால் எழுது என்று வாசலில் வைத்து உத்தரவு போட்டாய். சரி, எழுதுகிறேன். இங்கேயும் பகலில் போனை வாங்கி ஆபீஸ் டிராயரில் பூட்டிவிடுகிறார்கள். யாரும் குழந்தைகளைப் படம் எடுத்துவிடக் கூடாதாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்பலாம். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் உன் டாக்டரிடம் கொடுத்துப் பிடுங்கச் சொல்.

குழந்தைகள் இல்லம் என்றதும் நான் ஏதேதோ நினைத்துக்கொண்டு வந்தேன். இது ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தால் தரை துடைக்கிற மருந்து வாசனையும் காய்ச்சின பால் வாசனையும். சுவரில் கோட் மாட்டுகிற கொக்கிகளெல்லாம் என் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. இரண்டு முறை இடித்துக்கொண்டேன். குளிர் எலும்பைத் தேடிப் பிடித்துக் கடிக்கிறது.

கம்பெனியின் இந்த வெளிநாட்டுக் கிளை இலவச சேவைக்கு என்று எதற்கு ஆள் கேட்டது என்று உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் சமையலறை, சாப்பிடுகிற ஹால் இரண்டாவது மாடியில். நடுவில் சுவருக்குள்ளே ஒரு குட்டி லிஃப்ட், அலமாரி அளவுதான் இருக்கும். ஆள் ஏற முடியாது, பாத்திரம் மட்டும் போகும். அது செத்துப் பல வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சமையல்கார அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். கதவைத் திறந்து காட்டினார். உள்ளே துடைப்பம், தலையில்லாத பொம்மை, முளைவிட்ட ஒரு வெங்காயம். அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அதைச் சரிசெய்வது, கிறிஸ்துமஸ் முடியும்வரை எடுபிடி வேலை பார்ப்பது, இதுதான் என் சேவை.

இல்லத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மா. ஆறடி இருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். சேவைக்கு வந்திருக்கிற மற்றவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் கர்னல்.

மாமாவிடம் வந்து சேர்ந்தேன் என்று சொல். அத்தையிடமும் சொல். அத்தையிடம் வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

உன் லிஃப்டுக்காரன்


டிசம்பர் 11

உயர்திரு லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. தாங்கள் நலமாகப் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. முளைவிட்ட வெங்காயத்தைக்கூட சொந்தக்காரராகப் பார்க்கிறீர்கள். இங்கே உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆமாம், நீங்க வாங்க என்றுதான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை தானாக வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குப் புரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம். அதனால் சொல்கிறேன். மே மாதம் கல்யாணம் ஆகி மேல் வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அம்மா விடியற்காலையில் எழுந்து எனக்கு ஒரு டப்பா, உங்களுக்கு ஒரு டப்பா கட்டுகிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா? சாயங்காலம் டப்பாவைக் கழுவி, துடைத்து, பளபளவென்று படியில் வைத்துவிட்டு மேலே போய்விடுவீர்கள். ஹோட்டல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

போகட்டும். உங்கள் பிறந்தநாள். அம்மா கொடியில் காய்ந்த உங்கள் பழைய சட்டையைத் திருட்டுத்தனமாக எடுத்து அளவு பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் தானே தைத்தார். காலர் சரியாக வரவில்லையென்று இரண்டு தடவை பிரித்தார். சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு, கேக் வாங்கி, சட்டையை உங்கள் கையில் கொடுத்தால்? எல்லோரும் கைதட்டிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்கயோ லிஃப்ட் நின்னுடுச்சாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனீர்கள். போனே அடிக்கவில்லை! எந்த லிஃப்ட் உங்கள் காதில் வந்து சொன்னது?

அம்மா அப்போதும் உங்களைத் திட்டவில்லை. "கலர் பிடிக்கலையோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டே கேக் தட்டுகளை அள்ளினார். சமையலறைக்குள் போய் அழுதார். அதனால்தான் அன்றைக்கு ராத்திரி உங்களை நன்றி கெட்டவன் என்று சொன்னேன். வாபஸ் வாங்கப் போவதில்லை. மறுநாளே வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று கம்பெனியில் கையைத் தூக்கிவிட்டு வந்து நின்றீர்களே, அதையும் மன்னிக்கப் போவதில்லை. இது நமக்கு முதல் கிறிஸ்துமஸ். யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சேவை செய்யத் தெரிகிறது, எங்கள் வீட்டு ஹாலில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியவில்லை.

மாப்பிள்ளை எங்கே என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிளினிக்கில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்கள் மட்டும்தான் கேட்பதில்லை.

இப்படிக்கு,
வரவேற்பறைப் பெண்


டிசம்பர் 14

மகாராணி,

உன் மெயிலை நாலு தடவை படித்தேன். நீ சொன்னதெல்லாம் உண்மை.

நேற்று இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது சொல்ல வரும்.

ஒரு வேன் நிறைய கிறிஸ்துமஸ் பரிசு வந்தது. ஒரு குடும்பம், எல்லோர் தலையிலும் சிவப்புக் குல்லாய். கர்னல் அவர்களை வாசலிலேயே வரவேற்று, ஆபீஸில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, பெட்டிகளை வாங்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டினார். அவர்கள் பேசியதைப் பாஷை தெரிந்த இன்னொரு சேவைக்காரர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகளைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். "படிச்சிட்டிருக்காங்க." ஒரே ஒரு படம் மட்டும்? "கட்டடத்தை எடுத்துக்குங்க. அழகாத்தான் இருக்கும்." சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார். அவர்களும் கோபப்படாமல் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. வாசல் தேடி வந்தவர்களை இப்படியா அனுப்புவது என்று, அந்தச் சேவைக்காரரையே பிடித்து கர்னலிடம் கேட்டே விட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுத்தவங்களுக்கு நான் கடிதம் எழுதுவேன். அது என் வேலை, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நன்றி சொல்றது இங்க எந்தப் பிள்ளைக்கும் வேலை இல்லை" என்றார்.

நான் கொல்லைப்பக்கம் போய் கேஸ் சிலிண்டர் வரிசைக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆமாம், நான்தான். நீ நம்ப மாட்டாய்.

நான் இல்லத்தில் வளர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே டிசம்பர் எப்படி இருக்கும் என்று நான் சொன்னதில்லை. டிசம்பர்தான் எங்களுக்கு சீசன். உயர வரிசையில் நிறுத்துவார்கள். "நன்றி ஐயா, நன்றி அம்மா." எல்லாக் குரலும் ஒன்றாக வர வேண்டும், அதற்கு ஒத்திகை உண்டு. ஒரு வருஷம் ஒருவர் எனக்கு ஷூ கொடுத்தார். வாங்கினேன், நன்றி சொன்னேன், கேமராவில் வெளிச்சம் வரவில்லை. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கொடுத்தார். மறுபடி நன்றி. அப்போது யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை நான் சிரிக்கவில்லையென்று வார்டன் பின்னால் நின்று முதுகில் கிள்ளினார். அந்தப் படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன். உன் டாக்டர் பார்த்தால் விளம்பரத்துக்குக் கேட்பார். ஷூவுக்கு என்ன ஆயிற்றென்று கேட்காதே, அது என் கால் வரைக்கும் வந்து சேரவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தால் முதுகு சுருக்கென்று வலிக்கிறது. பைத்தியக்காரத்தனம், தெரியும். அன்றைக்கு ஹாலில் அத்தை சட்டையை நீட்டினபோது எல்லோரும் கைதட்டினார்கள், உன் தம்பி போனைத் தூக்கிப் பிடித்து "மாமா, இங்க பாருங்க, சிரிங்க" என்றான். அவ்வளவுதான். எனக்கு வீடு தெரியவில்லை, அத்தை தெரியவில்லை. ஓடிவிட்டேன்.

டப்பாவைக் கழுவி வைப்பதுகூட அங்கே பழகியதுதான். தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் அடி விழும். அதை மரியாதை என்று நினைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நன்றி கெட்டவன் என்று நீ சொன்னது வலித்தது. சொன்னது நீ என்பதால் வலித்தது.

லிஃப்டுக்காரன்


டிசம்பர் 16

டேய்,

மரியாதை போய்விட்டது, பார்த்தாயா?

உன் மெயிலை கிளினிக்கில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். பல் பிடுங்க வந்த ஒரு தாத்தா, "அழாதம்மா, வலிக்காதாம், டாக்டர் சொன்னாரு" என்று எனக்குத் தைரியம் சொல்கிறார்.

அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். அடியோடு வாங்குகிறேன். அந்த வார்டன் கையில் கிடைத்தால் மயக்க ஊசி போடாமல் ஒரு பல் விடாமல் எடுக்கச் சொல்வேன் எங்கள் டாக்டரிடம். ஏன்டா இதை என்னிடம் சொல்லவில்லை? மூன்று வருஷம் காதலித்தோம். ஊர்ப்பட்ட கதையெல்லாம் பேசினோமே.

ஆனால் ஒன்றை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். என் அம்மா கேமராவோடு நிற்கிறவர் இல்லை. அதை நீ பிரித்துப் பார்க்க வேண்டாமா? நேற்று அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன், நீ எழுதியது எதையும் சொல்லவில்லை. "அவர் நன்றி சொல்லலைன்னு வருத்தமாம்மா?" என்று கேட்டேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"நன்றி என்னடி நன்றி. உப்பு இருந்துச்சா, இல்லையா? அதைச் சொல்லக் கூடாதா? ஏழு மாசமா கண்ணைக் கட்டிக்கிட்டு சமைக்கிற மாதிரி இருக்கு. சாப்பிட்டாரா, பக்கத்துல யாருக்காவது குடுத்தாரா, கொட்டினாரா, ஒண்ணும் தெரியலை. டப்பா கண்ணாடி மாதிரி திரும்பி வருது. அதுல ஒரு பருக்கை ஒட்டிக்கிட்டு வந்திருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

பார், நீ பயந்து கழுவினாய், அம்மா அதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். நடுவில் நான் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ எழுதினதை அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை. அது உன் வாயிலிருந்து வர வேண்டும். எப்போது வருமோ அப்போது வரட்டும், அவசரம் இல்லை. ஆனால் வந்தே ஆக வேண்டும். என்னால் காலமெல்லாம் உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தபால்காரியாக இருக்க முடியாது.

சாப்பிடுகிறாயா? அந்தக் குளிருக்குக் காதை மூடிக்கொள்.

நான்தான்


டிசம்பர் 19

என் மகாராணிக்கு,

லிஃப்ட் ஓடுகிறது! மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கயிறும் கதவுப் பூட்டும்தான் போயிருந்தன, மாற்றிவிட்டேன். சமையல்கார அம்மா முதல் தடவை பட்டனை அமுக்கிவிட்டு, பாத்திரத்துக்கு முன்னால் மேலே போய் நிற்க வேண்டுமென்று படியில் ஓடினார். மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால் பாத்திரம் ஏற்கெனவே வந்து இவருக்காகக் காத்திருக்கிறது. மேலே நின்றுகொண்டு கைகொட்டிச் சிரித்தார்.

நான் செய்த கூத்தைக் கேள். ஹாலில் குழந்தைகளுக்கு லிஃப்டை ஓட்டிக் காட்டலாம் என்று, கீழேயிருந்து ஒரு கூடை பழம் அனுப்பச் சொல்லிவிட்டு மேலே வந்தேன். எல்லோரும் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைப் பிடித்து உயர வரிசையில் நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் காட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. பரிசு வருகிறது என்றால் வரிசை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதுகளுக்கு அது புது விளையாட்டு. முன் பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு இருக்கிறாள், ஓட்டைப்பல் என்று நான் கூப்பிடுவேன். ஆறு வயசு இருக்கும். நான் அவளை முதலில் நிறுத்தினால், ஓடிப்போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து ஏறிக் கடைசியில் நிற்கிறாள். இறக்கிவிட்டால் மறுபடி ஏறுகிறாள். எல்லாம் ஒரே சிரிப்பு. நான் மட்டும் சிரிக்காமல் "வரிசை, வரிசை" என்று தமிழில் கத்திக்கொண்டிருக்கிறேன். திரும்பினால் கர்னல்.

அந்த அம்மா பார்த்தார். பிறகு ஓட்டைப்பல்லை ஸ்டூலோடு தூக்கி லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்து, கதவை அவளையே திறக்கச் சொன்னார். பழம் நாலா பக்கமும் உருண்டது. அப்புறம் பாஷை தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நீயும் இதுமாதிரி இடத்துல வளர்ந்தவனா?" தலையாட்டினேன். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். மனிதர்களை எப்படி நடத்துவது என்று தெரிந்தவர்கள் எங்கேயாவது இருக்கத்தான் செய்கிறார்கள். என் நல்ல காலம், இப்போதாவது பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் பரிசுகளை இந்த லிஃப்டிலேயே மேலே அனுப்பலாமா என்று கர்னல் கேட்கிறார். மேலே கொடுக்க யாரும் நிற்க வேண்டாமாம். பிள்ளைகளே கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். வாழ்க்கையில் இத்தனை லிஃப்ட் பார்த்திருக்கிறேன், எதற்கும் இப்படியொரு வேலை வந்ததில்லை.

அத்தைக்கு உப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி அழித்தேன்.

உன்னவன்


டிசம்பர் 22

அட நல்லவனே,

ஓட்டைப்பல் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அவளிடம் சொல், புதுப் பல் முளைக்கிறபோது நாக்கால் தள்ளக் கூடாது. கோணலாக வரும். இது கிளினிக்கின் இலவச ஆலோசனை.

சிரித்ததோடு நிறுத்தியிருப்பேன். இன்றைக்கு யார் ரூட் கெனால் செய்துகொள்ள வந்தது தெரியுமா? உன் சூப்பர்வைசரின் மனைவி. ஊசி போட்டு வாய் மரத்துப் போவதற்குள் அந்த அம்மா ஒரு விஷயம் சொல்லிவிட்டார். "உங்க வீட்டுக்காரர் மார்ச் வரைக்கும் அங்கேயே இருக்கேன்னு கேட்டிருக்காராமே? எங்க வீட்ல சொன்னாங்க. நீங்களும் போறீங்களா?"

நான் என்ன பதில் சொல்வேன்? "ஆமாங்க, யோசிச்சிட்டு இருக்கோம்" என்று சிரித்தேன். எனக்கும் பல் தெரியச் சிரிக்க வரும்.

இருபத்தெட்டாம் தேதி வருகிறாய் என்று அம்மா மேல் வீட்டை ஒட்டடை அடித்து வைத்திருக்கிறார். வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. அப்பா ஏணியில் ஏற, அம்மா கீழே நின்று ஏணியைப் பிடிக்காமல் குறை மட்டும் சொல்ல, தெருவே வேடிக்கை பார்த்தது. எல்லாம் உனக்காகத்தான்.

நான் கெஞ்சப் போவதில்லை. உனக்கு எங்கள் வீடு மூச்சு முட்டுகிறதென்றால் சொல், வேறு வீடு பார்ப்போம். என்னைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறதென்றால் அதையும் சொல். ஆனால் அடுத்தவர் பல்வலியிலிருந்து நான் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. வருகிறாயா, இல்லையா? கிறிஸ்துமஸுக்குள் பதில் வேண்டும்.

(கையெழுத்துப் போட மனசில்லை)


டிசம்பர் 25

என் தங்கமே,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. முதலில் உன் கேள்விக்குப் பதில். வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். மார்ச் வரை கேட்டது உண்மை. உன் முதல் மெயில் வந்த அன்றே கேட்டேன். திரும்பி வந்து அத்தை முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. அதை உன்னிடம் சொல்லவும் தைரியம் இல்லை. இன்றைக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உன்னை அந்த அம்மாவுக்கு முன்னால் சிரிக்கவைத்தேனே, அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

விடிந்ததும் கீழே சமையலறையில் நானும் சமையல்கார அம்மாவும் பெட்டிகளை ஏற்றி ஏற்றி அனுப்பினோம். சேவைக்கு வந்த ஒருவர் மட்டும், யாரும் கதவில் கைவிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஹால் மூலையில் உட்கார்ந்திருந்தார். வேறு பெரியவர்கள் யாரும் மேலே கிடையாது. லிஃப்ட் போகிற குழி வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. காகிதம் கிழிகிற சத்தம், ஓட்டம், யாரோ ஒரு விசிலை விடாமல் ஊதுகிறான், யாரோ அடித்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளைகூட யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கேட்கக் கேட்க எனக்கு அப்படியொரு சந்தோஷம். என்னை யாரோ வரிசையிலிருந்து போகச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

எல்லாம் அனுப்பி முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து மணி அடித்தது. காலிப் பெட்டிதானே வரப் போகிறது என்று கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு தட்டு. தட்டில் யாருக்கோ வந்த விளையாட்டுக் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்பேனர். பக்கத்தில் ஒரு துண்டு கேக், பாதி கடித்தது. கடித்த இடத்தின் நடுவில் மட்டும் ஒரு மேடு நின்றிருந்தது. உன் டாக்டருக்கு எக்ஸ்ரேகூட வேண்டாம், பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிடுவார்.

சுற்றிப் பார்த்தேன். யாருமே இல்லை. வாங்கிக்கொள் என்று நீட்டுகிற கை இல்லை, என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறவர் இல்லை. எனக்காக அனுப்பிவிட்டு அதுகள் விளையாடப் போய்விட்டன. எனக்குப் பொறுக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன் (தொழில்காரன் தலையை விடுவதற்கு முன்னால் அதைச் செய்வான், கவலைப்படாதே), லிஃப்டுக்குள் தலையை விட்டு, மேலே குரல் போகிற இடுக்குப் பக்கம் வாயைத் திருப்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "நன்றி!"

தமிழில்தான் வந்தது. வேறு எந்தப் பாஷையில் வரும்? அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் மேலே கதவருகே ஏழெட்டுக் குரல்கள் சேர்ந்து கத்தி ஆரவாரம் செய்தன. நான் மறுபடி சொன்னேன். போதும் போதும் என்கிற அளவு சொன்னேன். முதுகு வலிக்கவில்லை. சத்தியமாக வலிக்கவில்லை. சமையல்கார அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து உட்காரவைத்து, நம் ஊரில் முந்தியை நீட்டுகிற மாதிரி, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தன் மேலாடை நுனியைக் கொடுத்தார். அந்தக் கேக்கைக் கடித்த பக்கத்திலிருந்தே சாப்பிட்டேன்.

கீழே எழுதியிருப்பதை அத்தைக்குப் படித்துக் காட்டு. இந்த ஒரு தடவை மட்டும் தபால்காரியாக இரு.

அத்தை,

நீங்க குடுத்த டப்பாவை நான் ஒரு நாளும் யாருக்கும் குடுத்ததில்லை. மத்தியானம் வரைக்கும் வச்சிருந்ததும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் மிஷின் ரூமுக்குப் போய், யாரும் வந்து பங்கு கேட்டுடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டுடுவேன். உங்க டப்பா வர்றதுக்கு முன்னாடி எனக்குன்னு தனியா யாரும் சமைச்சதில்லை. இல்லத்துல எல்லாருக்கும் ஒரே அண்டாதான். அதான் என்ன சொல்றதுன்னு தெரியலை. சில நாள் உப்பு கம்மி, அத்தை. வெள்ளிக்கிழமைகள்ல ரொம்பக் கம்மி. அன்னைக்கும் மிச்சம் வச்சதில்லை.

சட்டையை நாற்காலியில விட்டுட்டுப் போனேன்னு நினைச்சிருப்பீங்க. மறுநாள் காலையில எடுத்துக்கிட்டேன். இங்க கொண்டு வந்திருக்கேன். இப்போ அதைத்தான் போட்டிருக்கேன். கலர் பிடிச்சிருக்கு. காலர் சரியா இருக்கு. உங்களை அழ வச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. எல்லாத்துக்கும் நன்றி அத்தை. யாரும் சொல்லச் சொல்லாம சொல்றேன்.

உங்கள் மாப்பிள்ளை


டிசம்பர் 26

என் ஆசைப் புருஷனுக்கு,

படித்துக் காட்டிவிட்டேன். ஹாலில், அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் இருந்தார்கள். தம்பி பாதியிலேயே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான், போனைத் தூக்கிப் பிடித்தவன் அவன்தானே. உன்னிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் காலையிலிருந்து உன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா கடைசி வரை கேட்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவே இல்லை. நான் ஏதாவது சொல்வார் என்று பார்க்கிறேன். முதல் வார்த்தை என்ன வந்தது தெரியுமா?

"வெள்ளிக்கிழமை உப்பு கம்மியா? பாவி! ஏழு மாசமா சொல்லாம தின்னானா?"

கவனித்தாயா, உன்னை அவர் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, "தின்னானா" என்கிறார். அப்பா அவசரமாக, "எனக்கும் கம்மியாத்தான் இருந்துச்சு" என்றார். "உங்களை யாரு கேட்டா?" என்று ஒரு அதட்டல். அப்பா அடங்கிவிட்டார். ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், திரும்பி வந்து அம்மாவிடம், "இன்னைக்கு நல்லா இருந்துச்சும்மா. தேங்க்ஸ்" என்றார். அம்மா பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கூலுக்குப் போன நாளிலிருந்து நான் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு நாளாவது அம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேனா? அப்பா இத்தனை வருஷத்தில் சொன்னாரா? தம்பி? எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதே இல்லை. நீ மட்டும் சொல்ல வேண்டுமென்று நான்தான் நீதிபதி மாதிரி நின்றிருக்கிறேன். சமையலறைக்குப் போய், "அம்மா, நானும் உனக்கு நன்றி சொன்னதில்லம்மா" என்றேன்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து என்னடி ஆரம்பிச்சிட்டீங்க? போதும். அவன்கிட்டயும் எழுது. ஒரு தடவை சொல்லிட்டான், அது எனக்கு ஆயுசுக்கும் இருக்கும். இனிமே சொல்லக் கூடாது. வீட்டுப் பிள்ளை எவனாவது நன்றி சொல்வானா? அது நொட்டை, இது நொள்ளைன்னு குறைதான் சொல்வான். இருபத்தெட்டாம் தேதி வந்து உட்கார்ந்து, எது எது நல்லா இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லச் சொல்லு. நான் திட்டணும் அவனை."

வா. அம்மா திட்டக் காத்திருக்கிறார்.

உன்னவள்